காட்டுமாடும் கேமராவின் ஞாபகமும்

கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர்ச் சாலையில் இருட்டும் நேரத்தில் காட்டுமாடு நின்றால், முதலில் கண்ணில் படுவது கால்கள்தான். கரிய உடம்பு இருட்டோடு போய்விடும். முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியதுபோன்ற வெள்ளை மட்டும் நகரும். ஊர்க்காரருக்கு அது போதும், ஒதுங்கிவிடுவார்.

விலங்குகளைக் கண்காணிக்கும் கேமராவுக்குப் போதுமா? அதன் படங்களைப் படிக்கும் கணினி, விலங்கை மட்டும் தனியே பார்ப்பதில்லை. பின்னணியையும் சேர்த்தே பழகுகிறது. புல்வெளிப் பசுவை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு மாடல், கடற்கரைப் பசுவைத் தவறவிடுவதைக் கணினிப் பார்வை ஆய்வாளர் சாரா பீரி குழுவினர் 2018இல் எடுத்துக்காட்டினர். ஓரிடத்துக் கேமராப் படங்களில் தேறிய மாடல், புது இடத்தில் தடுமாறியது. கொடைக்கானலிலோ காட்டுமாடு கடைவீதிக்கே வருகிறது. காட்டுப் பின்னணியிலேயே பழகிய மாடல் அங்கே அதை எருமை என்று சொன்னால் வியப்பில்லை.

இதற்கு அதே பீரியும் கூகுள் ஆய்வாளர்களும் 2020இல் ஒரு வழி சொன்னார்கள். ‘கான்டெக்ஸ்ட் ஆர்-சிஎன்என்’ என்ற அந்த மாடல், ஒரு படத்தில் சந்தேகமாகத் தெரியும் உருவத்தை, அதே கேமரா ஒரு மாதம் வரை எடுத்த படங்களின் சாரத்தோடு ஒப்பிடும். பனிமூட்டத்தில் பாதி மறைந்த விலங்குக்கு, நேற்று அங்கேயே தெளிவாக மேய்ந்த மந்தை துப்புக் கொடுக்கும். எந்நேரமும் அசையாமல் கிடப்பது பாறைதான் என்பதும் பிடிபட்டுவிடும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி கேமராப் படங்களில் கண்டறியும் துல்லிய அளவீடு 17.9 புள்ளி உயர்ந்தது. பழனி மலையின் பனிக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதல்ல. தண்டவாளம் கடக்கும் யானைகளைக் காக்க, கோவை அருகே மதுக்கரையில் 2024இல் ரூ.7.24 கோடியில் 12 கோபுரங்களில் கேமராக்கள் வந்தன. ஆனால், இத்தகைய திட்டங்களில் கேமராக்களின் எண்ணிக்கையைக் கேட்கிறோம். அவை எந்த ஊர்ப் படங்களைப் பார்த்துப் பழகின என்று கேட்பதில்லை.

செண்பகனூருக்கு இந்தக் கேள்வி புரியும். 1895இல் இயேசு சபையினர் தொடங்கிய திருஇருதயக் கல்லூரி வழியாகத்தான் இங்கே இயற்கை வரலாற்றுச் சேகரிப்பு வளர்ந்தது. எந்த இடம், எந்த நாள் என்ற குறிப்பில்லாத செடி மாதிரியைத் தாவரவியலாளர் பெரிதாக மதிப்பதில்லை. கேமராப் படத்துக்கும் அதே குறிப்புகள் வேண்டும். படத்திலுள்ள விலங்குக்குப் பெயரிடும் வேலையை, வெளியூர் ஒப்பந்ததாரரைவிட இங்குள்ள வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நன்றாகச் செய்வார்கள். அதற்குரிய கூலியும் அவர்களுக்குப் போகட்டும்.

ஆனால், பழைய படங்களிலிருந்து கேமரா சேர்த்துவைக்கும் ஞாபகமும் ஏமாற்றும். தினமும் காட்டுமாட்டையே பார்த்த கேமரா, வழிதவறி வந்த வீட்டு எருமையையும் அதே பட்டியலில் சேர்க்கலாம். கேமராவை வேறு கம்பத்துக்கு மாற்றினால் பழைய இடத்தின் ஞாபகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் கேமரா பொருத்தும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.