ஆவடி மாநகராட்சி விரிவாக்கம்: கார்ப்பரேஷன் ஆனால் கிராமத்துக்கு லாபமா, நஷ்டமா?

பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் பக்கத்து ஊராட்சிகளையும் ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் திட்டத்தை 2025 தொடக்கத்தில் தமிழக அரசு முன்வைத்தது. 'நம்ம ஊரும் கார்ப்பரேஷன் ஆகுது' என்று சிலருக்குச் சந்தோஷம். ஆனா மாநிலம் முழுக்க இப்படி இணைப்புப் பட்டியலில் வந்த பல கிராமங்களில் கிளம்பியது எதிர்ப்புதான். ஏன்?

அதுக்கு முதலில் திருவள்ளூர் மாவட்டத்தைப் புரிஞ்சுக்கணும். 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து உருவானது இது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 37 லட்சம். அதில் 65 சதவீதம் பேர் நகரவாசிகள். ஆனா அந்த நகரம் எல்லாம் சென்னையை ஒட்டிய ஓரத்தில். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை பக்கம் போனால் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும்தான்.

அம்பத்தூர் காட்டிய வழி

ஏரிப் பாசன ஊராக இருந்த அம்பத்தூருக்கு 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அம்பத்தூர் அதற்குள் போனது. 2018-ல் மாவட்டமும் மாறி, அது முழுசா சென்னை ஆகிவிட்டது. மாதவரம், திருவொற்றியூர் கதையும் இதேதான். தொழில் வளர்ந்த ஓரம் ஒவ்வொன்றாகக் கழன்று போக, திருவள்ளூருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வயலும் ஏரியும்.

அடுத்தது ஆவடி. ராணுவ வாகனங்களை வைத்து வந்த ஆங்கிலச் சுருக்கம்தான் இந்தப் பெயர் என்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆனா 1955-லேயே இங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் வந்ததும் அதில்தான். விஜயந்தா டாங்க் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 1965-ல். 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது.

தண்ணீர் யாருக்கு?

பூண்டி, சோழவரம், புழல், தேர்வாய் கண்டிகை என சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள் வரிசையாக இந்தப் பக்கம்தான். கிருஷ்ணா நீர் வந்து சேர்வதும் பூண்டிக்கே. ஏரி வற்றினால் நகரம் கிராமத்துக் கிணறுகளைத் தேடி வரும். 2019 வறட்சியில் இங்குள்ள விவசாயக் கிணறுகளில் தண்ணீர் வாங்கித்தான் சென்னைக்குக் கொடுத்தாங்க. கிணறு வைத்திருந்தவருக்குக் காசு வந்தது. அந்த வயலில் நடவு செய்து பிழைத்த கூலிக்காரருக்கு அதுவும் இல்லை. மீஞ்சூர் பக்கம் பல வருஷமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீரே உள்ளே புகுந்துவிட்டது.

இணைந்தால் என்ன மாறும்?

நன்மை இல்லாமல் இல்லை. சாலை, பாதாள சாக்கடை, குப்பை அள்ளும் வசதி என எல்லாத்துக்கும் மாநகராட்சியிடம் நிதி அதிகம். மனை விலையும் ஏறும். பூந்தமல்லி மெட்ரோ வழித்தடம் வந்ததுமே அந்தப் பக்கம் எவ்வளவு ஏறுச்சுன்னு வீடு தேடியவர்களுக்குத் தெரியும்!

ஆனா நிலம் இல்லாதவருக்கு விலை ஏறி என்ன பயன்? சொத்து வரி கூடும், வாடகையும் கூடவே ஏறும். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்கு மட்டும் என்பதால், எல்லை மாறினால் அது போய்விடும். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் கிராமப்புறத்துக்குத்தான். அதை நம்பி இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டைடல் பார்க்கில் அவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும்?

இன்னொன்று, கிராம சபை. ஊராட்சியில் வாக்காளர் யாரும் எழுந்து நின்று தலைவரிடம் கணக்குக் கேட்கலாம். மாநகராட்சியில் வார்டு அளவில் பகுதி சபை உண்டு என்றாலும், அதற்கு அந்தப் பழக்கமும் பலமும் இன்னும் வரவில்லை. ஆவடிக்கு இப்போது 48 வார்டுகள். தனித் தலைவர் வைத்திருந்த சின்ன ஊராட்சி, இணைந்தபின் ஒரு வார்டின் மூலையாகக் கூட ஆகலாம். அங்கே ஏரிக்கரையில் யாராவது லே-அவுட் போட்டால், அந்த ஊர்க்காரர் இனி கேட்க வேண்டிய இடம் ஆவடி ஆபீஸ்.