காவலன் ஊமையானால்...

இரவில் பிள்ளை உறங்குகிறது. அதன் கையில் ஒட்டப்பட்டுள்ள சிறு உணர்கருவி, தோலுக்கடியிலுள்ள திசுநீரின் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, தலைமாட்டிலுள்ள கைபேசிக்கு அனுப்புகிறது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கைபேசி ஒலிக்கும். தாய் எழுந்து சர்க்கரை நீரைப் புகட்டுவாள். இன்சுலினை நம்பி வாழ்வோரின் இல்லங்கள் பலவற்றில் இரவுக் காவல் இன்று இவ்வாறே நடைபெறுகிறது.

அந்தக் காவலன் ஊமையாகிவிட்டால்?

இஃது வீண் அச்சமன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இதுபற்றியே எச்சரிக்கை விடுத்தது. கைபேசியுடன் இணைந்த நீரிழிவுக் கருவிகளின் அபாய ஒலி சிலருக்குக் கேட்கவேயில்லை என்ற முறையீடுகள் அதற்கு வந்திருந்தன. கைபேசியின் இயங்குதளம் தானாகவே புதுப்பிக்கப்பட, பழைய செயலி அதனோடு ஒத்துப்போகாமற் போகலாம். புதிதாக இணைத்த காதொலிப்பான் ஒலியைத் தன்பால் இழுத்துக்கொள்ளலாம். 'தொந்தரவு செய்யாதே' என்னும் அமைப்பு அறிவிப்பை அடக்கிவிடலாம். இதனால் உயிரிழப்பும் நேரக்கூடும் என்று அந்நிர்வாகம் கூறிற்று.

எனவே நாம் செய்ய வேண்டுவன சில உள. கைபேசியின் அமைப்புகளில், இயங்குதளத்தின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வைப்போம். ஆண்ட்ராய்டு கைபேசியாயின், பிளே ஸ்டோரில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பித்தலை விலக்கவும் வழியுண்டு.

அப்படியானால் புதுப்பித்தலே கூடாதோ? கூடும், கூடவே வேண்டும். பழைய குறைகளையும் பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைப்பது அதுவேயன்றோ! நாம் அறியாமல் நள்ளிரவில் அது நிகழ்வதே தீது. புதிய இயங்குதளம் தம் கருவிக்கு ஏற்றதென உற்பத்தியாளர் அறிவித்த பின்னர், வீட்டார் விழித்திருக்கும் பகற்பொழுதில் அதனைச் செய்வோம். செய்தபின், அறிவிப்பு அனுமதியும் ஒலியளவும் முன்போல் உள்ளனவா என்று பார்ப்போம். மாதம் ஒருமுறையேனும் இச்சோதனையை மீண்டும் நடத்துவோம்.

முதியவர் உள்ள இல்லங்களில், விவரமறிந்த மகனோ மகளோ இப்பொறுப்பை ஏற்பது நலம். விரல்நுனி இரத்தத்தைச் சோதிக்கும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உடல் நடுங்கி வியர்வை பெருகும்போது, கைபேசி மௌனமாயிருக்கிறதே என்று நாமும் வாளாவிருத்தல் ஆகாது.