வில்கின்சனுக்கு வர வேண்டிய பாக்கி

ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வண்டிக்குப் பிரேக் கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்து 2, 1, கடைசி ஆளுக்குச் சைபர். இந்த எளிய கணக்கையும் கெடுத்தார்கள்!

1936 செப்டம்பர், லண்டன் வெம்ப்ளி, முதல் உலகச் சாம்பியன் போட்டி. ஆஸ்திரேலியர் புளூவி வில்கின்சன் ஐந்து ஓட்டத்திலும் முதல், 15 புள்ளி. பட்டமோ லயனல் வான் பிராகுக்கு! முந்தைய சுற்றுகளிலிருந்து கொண்டுவந்த போனஸ் அவருக்கு 12, வில்கின்சனுக்கு 10. கூட்டினால் 26, 25. எரிக் லாங்டனும் 26 என்பதால் அவர்கள் இருவருக்கும் தனி ஓட்டம். அன்று யாரிடமும் தோற்காத மனிதர் மூன்றாமிடம்.

"சீசன் முழுக்க உழைத்ததற்கு மதிப்பு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், ஐயா. அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள். ஓரிரவுப் பட்டத்தில் பழைய இருப்பை ஏன் கலக்கிறீர்கள்?

2020இல் கிராண்ட் பிரீயில் இன்னொரு கோளாறு. அதுவரை ஓட்டத்தில் எடுத்த புள்ளியே சீசன் கணக்கில் ஏறியது. பிறகு, இறுதி ஓட்டத்தில் ஜெயித்தால் 20. 2024 வரை, முதல் ஐந்து ஓட்டத்திலும் ஜெயித்தவர் அரையிறுதியில் சறுக்கினால் 12க்கு மேல் கிடைக்கவில்லை. அங்கே இல்லாததைக் கூட்டினார்கள். இங்கே சம்பாதித்ததை அழித்தார்கள்.

வில்கின்சன் 1938இல் பட்டம் வென்றாரே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது 1938இன் வரவு. 1936இன் பாக்கி இன்னும் தீரவில்லை.