பிறந்த கன்றுகளுக்கு இரத்தத்தில் கிருமி ஏறும் நோய்: தடுப்பும் சிகிச்சையும் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கறவை மாடு வளர்ப்போர் சங்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் உறுப்பினர்களின் தொழுவங்களில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத கன்றுகள் அடுத்தடுத்துச் செத்தன. எல்லாவற்றுக்கும் காரணம் 'கழிச்சல்' என்றே எழுதப்பட்டது. அவற்றில் பல கன்றுகள் கழியவே இல்லை.

இம்மனுவை எழுதும் செயலாளர் வீட்டு மாடு, ஜெர்சி கலப்பினம், நள்ளிரவில் கிடேரி ஈன்றது. நஞ்சுக்கொடி விழுமுன் சீம்பால் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்ததால் மறுநாள் உச்சிவரை கன்று மடியில் வாய் வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை எழவில்லை. வாய்க்குள் விரலை விட்டால் சப்பவில்லை, நாக்கு சில்லென்றிருந்தது. தொப்புள் கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி, ஈரமாக நாறியது. முன்னங்கால் முட்டியும் வீங்கியிருந்தது. எங்கள் மருந்தகத்தில் டாக்டர் பணியிடம் காலி. பக்கத்து ஊர் டாக்டர் வந்து ஊசி போடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விடிவதற்குள் கன்று போய்விட்டது. இது செப்டிசீமியா, அதாவது இரத்தத்தில் கிருமி ஏறும் நோய் என்று அவர்தான் சொன்னார். சீம்பாலைத் தள்ளிப்போட்ட தவறு எங்களுடையது, அதை மறைக்கவில்லை.

மனிதக் குழந்தையைப் போலன்றி, கன்றுக்குக் கருவிலேயே நோய் எதிர்ப்புப் புரதம் கிடைப்பதில்லை. அது சீம்பாலில் மட்டுமே வரும். அதை உறிஞ்சும் திறன் குடலுக்கு முதல் 6 மணி நேரத்தில் நன்றாக இருந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும். அது கிடைக்காதபோது சாணத்திலுள்ள ஈ.கோலை போன்ற கிருமிகள் குடல் வழியாகவோ ஈரத் தொப்புள் வழியாகவோ இரத்தத்தில் ஏறி மூட்டு, மூளையுறை, கண் என்று பரவுகின்றன. கன்று படுத்த பிறகு தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை ஊசி மருந்தைப் பற்றியது அல்ல.

சினை ஊசி போட்ட தேதி செயற்கைக் கருவூட்டல் பதிவேட்டில் இருக்கிறது. அதிலிருந்து சுமார் 280 நாளைக் கணக்கிட்டால் எந்த வீட்டில் எப்போது கன்று பிறக்கும் என்பது தெரிந்துவிடும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, அந்த வீட்டார் பால் ஊற்ற வரும்போது, கன்றின் தொப்புளில் தடவ ஒரு புட்டி டிங்சர் அயோடினும் சீம்பால் நேரத்தைச் சொல்லும் ஒரு பக்க அறிவிப்பும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டுகிறோம். புதிய ஆள், புதிய அலுவலகம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

தாய் மாடு செத்தாலோ மடிநோய் கண்டாலோ கன்றுக்குச் சீம்பாலே இல்லை. அதே வாரம் அடுத்த தெருவில் மிஞ்சிய சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி வீடு வீடாகக் கொடுப்பார்கள். ருசிதான், மறுக்கவில்லை; ஆனால் காய்ச்சியதும் அந்தப் புரதம் கெட்டுவிடுகிறது. நோயில்லாத மாடுகளின் சீம்பாலை உறைய வைத்துச் சேமிக்க ஓர் உறைபெட்டி தாருங்கள். இடமும் மின்கட்டணமும் சங்கத்தின் பொறுப்பு.

காலியாக உள்ள டாக்டர் பணியிடத்தை நிரப்பவும், இரவு அழைப்புக்கு ஒருவரை முறை வைத்து அனுப்பவும் வேண்டுகிறோம். இறந்த கன்றுகளில் சிலவற்றையாவது பிரேதப் பரிசோதனை செய்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவு சொல்ல வேண்டும். அது தெரியாததால்தான் உறுப்பினர்கள் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைப் போடுகிறார்கள். உணவுக்கான கால்நடைகளுக்கு கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் 2019-இல் தடை செய்யப்பட்டது என்பதுகூட எங்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் கறவை மாடுகளுக்குக் காப்பீடு இருக்கிறது, கன்றுகளுக்கு இல்லை. அதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

அடுத்த அடைமழைக்கு முன் அயோடினும் உறைபெட்டியும் வந்து சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்