பெயர் வரும், பூட்டு வராது

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் பெரட்டுக்கு நின்றவர்களுக்குக் கிராணியாரின் செக்ரோல் நினைவிருக்கும். முனியம்மாக்கள் இருவர் இருந்தாலும் எண் வேறு, சம்பளம் கைமாறாது.

கணினி அட்டவணையிலும் அதே கதைதான். 1970-இல் ஐ.பி.எம். அறிஞர் எட்கர் காட் வகுத்த முறை இது. ஒருவர் எண் இன்னொருவருக்குப் போகாதபடி அதில் ஒரு பூட்டு உண்டு; 'பிரைமரி கீ' என்பார்கள்.

ஈப்போ அலுவலகங்களில் கணக்கு பார்க்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கட்டும். அட்டவணையின் பெயரை மாற்றினால் பூட்டு அப்படியே இருக்கும். பிரதி எடுப்பதில்தான் வம்பு! 'கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்' என்றால் பெயரும் எண்ணும் வரும், பூட்டு வராது. அந்தப் பிரதிக்கே பழைய பெயரைச் சூட்டி வேலையைத் தொடர்ந்தால், ஒரே எண்ணில் இருவர் நுழைந்தாலும் கணினி வாய் திறக்காது. சம்பள நாளில் யார் யாரிடம் போய் நிற்பது?

மைஎஸ்கியூஎல் வைத்திருப்போர் 'கிரியேட் டேபிள் லைக்' என்று முதலில் வெற்று அட்டவணை எடுங்கள்; பூட்டும் கூடவே வரும். பிறகு விவரங்களை நிரப்புங்கள். மற்ற அட்டவணைகளோடு போட்ட முடிச்சு மட்டும் வராது, அதை நீங்களே போட வேண்டும். பழையதை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். வேறு பெயரில் ஒரு மாதமாவது கிடக்கட்டும்.