புஷ் தேய்ஞ்சா கையையே வெட்டணுமாம்!

எங்க ஊர் தண்டலம். பெங்களூர் ஹைவேல ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி. அடுத்தது இருங்காட்டுக்கோட்டை, தெற்கே போனா ஒரகடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி காம்பவுண்டு சுவர்தான். டீக்கடைல என் பக்கத்துல நிக்கிறவர் பிரேக் லைன்ல வேலை, அவருக்கு அடுத்தவர் ரப்பர் மோல்டிங்.

இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு மூணு வாரம் அலைஞ்சேன் சாமி!

வண்டி ஜெர்மன், 2009 மாடல். கம்பெனி பேர் வேண்டாம், எதுக்கு வம்பு :-) நான் மூணாவது ஓனர். வாங்கின விலை ஒரு புது ஆல்டோ அளவுக்குக் கூட இல்லை. ஆபீஸ்ல இது தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரே பாட்டு. "யானையைக் கட்டி தீனி போட முடியுமா மச்சி? பேசாம ஈ.எம்.ஐ.ல புது எஸ்யூவி எடுத்திருக்கலாம்ல?"

யானை அவ்வளவு தின்கிறதில்லை மச்சி. பாகன்தான் தின்கிறான்.

ஸ்பீட் பிரேக்கர் ஏறினா முன்பக்கம் 'கடக்'னு சத்தம். சர்வீஸ் சென்டர்ல பார்த்துட்டு, லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சுன்னாங்க. சரி, மாத்துங்க. "புஷ் தனியா வராது சார், ஆர்மோடதான் வரும். ரெண்டு பக்கமும் மாத்தணும்." எஸ்டிமேட் 64,000 ரூபாய்! ஆர்ம்ங்கிறது அலுமினியம். வளையலை, உடையலை. காய்ஞ்சு வெடிச்சது அதுக்குள்ள இருக்கிற உள்ளங்கை அளவு ரப்பர். மோதிரம் லூசாயிடுச்சுன்னு போனா கையை வெட்டி வேற கை வைக்கிறேன்னு சொல்ற மாதிரி இல்ல?

கடைசில ஜி.பி. ரோட்டுல ஒரு கடைக்காரர் வரவழைச்சுக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் லேத் பட்டறை அண்ணன் பிரஸ்ல வெச்சு பழசைத் தள்ளி, புதுசை ஏத்திட்டார். அலைன்மென்ட்டோட சேர்த்து ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சது.

அடுத்த கூத்து பேட்டரி. புதுசு போட்டா மட்டும் போதாது, போட்டாச்சுன்னு வண்டிகிட்ட சொல்லணும். பேட்டரிக்கு வயசாக ஆக அதுக்குத் தகுந்த மாதிரி சார்ஜ் பண்ற சாஃப்ட்வேர் அது. நியாயமான டிசைன்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒரு ரீசெட்டுக்கு 3,500 ரூபாய் கேட்டாங்க. நாள் முழுக்க கோடு அடிக்கிறவன்கிட்டயேவா? ரெண்டு மூணு மதிப்பை எழுதிட்டு ஒரு கவுன்ட்டரை சுழியமாக்குற வேலைங்க அது!

இது ஏதோ பணக்கார வண்டி வெச்சிருக்கிறவன் புலம்பல்னு நினைச்சுடாதீங்க. 2014 ஆகஸ்டுல இந்தியப் போட்டி ஆணையம் மாருதியில் ஆரம்பிச்சு மெர்சிடிஸ் வரைக்கும் 14 கம்பெனிகளுக்கு மொத்தமா சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பார்ட் செஞ்சு தர்ற சப்ளையர் அதை நேரடியா மார்க்கெட்ல விக்க முடியாதபடி ஒப்பந்தம், வெளி மெக்கானிக்குக்கு டயக்னாஸ்டிக் கருவி கிடையாது, வெளிய ரிப்பேர் பார்த்தா வாரண்டி கட்... இதெல்லாம்தான் குற்றம். அறிவுசார் சொத்துரிமைன்னு சொல்லிப் பார்த்தாங்க, ஆணையம் ஏத்துக்கலை. பார்ட்ஸையும் கருவியையும் திறந்து விடுங்கன்னு உத்தரவு. அப்புறம் வழக்கம் போல கோர்ட்டு, அப்பீல். 2016-ல சில கம்பெனிகளுக்கு அபராதம் குறைஞ்சது. டீக்கடை ரப்பர் மோல்டிங் அண்ணன் செய்யிற சரக்கு அவர் ஊர்லயே கிடைக்காதது ஏன்னு எனக்கு அந்த உத்தரவைப் படிச்சப்புறம்தான் புரிஞ்சது.

"வெளில விட்டா டூப்ளிகேட் வரும், பாதுகாப்பு என்னாகும்?"னு கேப்பாங்க. டூப்ளிகேட் இப்பவே புதுப்பேட்டைல மலையா கிடக்கு. ஒரிஜினலைப் பூட்டி வெச்சதாலதான் அதுக்கு அவ்வளவு கிராக்கி. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012-ல இதுக்கு ஓட்டெடுப்பே வெச்சாங்க. 86 சதவீதம் பேர் திறந்து விடச் சொல்லி ஓட்டுப் போட்டாங்க. நம்ம மத்திய அரசு 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைன்னு ஒரு இணையதளம் திறந்தது. இணையதளம்... அவ்வளவுதான். அதே வருஷம் ஏப்ரல்ல 15 வருஷம் தாண்டின காரோட ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 600-ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க. புகை வருதா, நல்லா பராமரிக்கிறானா, எதுவும் கணக்கில்லை. வயசாயிடுச்சா, எடு ஐயாயிரம்! நானும் 2024-ல கட்டினேன்.

எஸ்யூவி மச்சி, உன் வண்டில என் வண்டியை விட மூணு மடங்கு சாஃப்ட்வேர் இருக்கு. ஈ.எம்.ஐ. முடியும்போது வாரண்டியும் முடிஞ்சிருக்கும். அப்ப உன் ஹெட்லைட்டை மாத்திட்டு வண்டிகிட்ட சொல்றதுக்கு எவ்வளவு கேக்கறாங்கன்னு எனக்கு ஒரு போன் போடு.

டிஸ்கி: வண்டி விக்கறதா இல்லை. பின்னாடி ஆர்ம் புஷ்ஷும் லேசா முனக ஆரம்பிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஜி.பி. ரோடு போறேன், வர்றவங்க சொல்லுங்க, பார்க்கிங்தான் கிடைக்காது.