செவ்வாய்க்கு ஆள் கட்டுகிறவர்கள்

2020 ஜனவரியில் ஈலோன் மஸ்க் ட்விட்டரில் ஒரு யோசனை சொன்னார். செவ்வாய்க் கிரகத்துக்குப் போக விரும்பும் எவரும் போகலாம். கையில் பணமில்லாவிட்டால் கடன் கிடைக்கும். அங்கே வேலைக்கும் குறைவிருக்காது. இதை இலங்கை மலையகத்தின் பெரகலயிலோ அப்புத்தளையிலோ தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் சொல்லியிருந்தால், அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்: "கங்காணி யாரு?"

இந்த மலைக்கு அந்தக் கணக்கு பழசு. திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கட்டினான். வழிச்செலவு, சோறு, கம்பளி எல்லாம் ஆளின் பெயரிலேயே கடனாக ஏறின. முதல் நாள் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கும்போதே அவர் கடன்காரர். கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டம் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே விண்வெளிக் குடியேற்ற நாவல்களை மலையகத்திலிருந்து வாசிப்பதில் ஒரு வசதி உண்டு. ரொக்கெட் எப்படிப் பறக்கிறது என்று மயங்கி நிற்காமல், வேலைநாள் பதியும் செக்ரோல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

ரொபர்ட் ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' (1966) அந்தப் பார்வைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. சந்திரனுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் நிலத்தடியில் கோதுமை விளைவிக்கிறார்கள். வாங்குவது ஒரே அதிகாரசபை, விலை வைப்பதும் அதுவே. தானியம் பசித்திருக்கும் இந்தியாவுக்குப் போகிறது. தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்ப வழியில்லை, குறைந்த ஈர்ப்பில் பழகிய உடம்புக்குப் பூமி தாங்காது. தானியத்தோடு சந்திரனின் தண்ணீரும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டும்போதுதான் கிளர்ச்சி சூடு பிடிக்கிறது. தடையற்ற சந்தையே இதற்கெல்லாம் மருந்து என்பது ஹைன்லைனின் கட்சி. அதை ஏற்க வேண்டியதில்லை. நோயை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார்.

கிம் ஸ்டான்லி ரொபின்சனின் 'ரெட் மார்ஸ்' (1992) இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலில் இறங்கும் நூறு பேர் பொறுக்கியெடுத்த விஞ்ஞானிகள். பிறகு கம்பனிகள் வருகின்றன, ஒப்பந்தத் தொழிலாளர் வருகிறார்கள், 2061இல் கலகமும் வருகிறது. அப்படியிருந்தும் நாவல் அந்த நூறு பேரின் தோளுக்கு மேலாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறது. தம்பேத்தன்னையில் தோட்ட முதலாளி லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கும் பயணிகள் இப்படித்தான் டிக்கட் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள்.

ஆர்தர் சி. கிளார்க்கோ வேறெங்கும் போகவில்லை, இந்தத் தீவிலேயே இருந்தார். 1956இல் வந்தவர் 2008இல் கொழும்பில்தான் இறந்தார். ஹியூகோ, நெபியுலா இரண்டு விருதும் வாங்கிய 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' (1979) நாவலில், சிவனொளிபாதமலையை மாதிரியாகக் கொண்ட ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்கும். அங்கிருந்து கம்பி இறக்கலாம் என்பதுதான் அடிப்படை. அதற்காகத் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார் கிளார்க். மேட்டு மலையிலிருந்து கொழுந்துச் சாக்கைக் கம்பியில் மாட்டி ஸ்டோருக்கு இறக்கிய காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தச் சங்கதி சட்டெனப் பிடிபடும்.

கதையில் பெரிய வழக்கு, மலை யாருக்குச் சொந்தம் என்பது. ஒரு பக்கம் பொறியியலாளர், மறுபக்கம் பிக்குகள். நிஜமான சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் மஸ்கெலியாவின் தேயிலையும் லயங்களும் இருக்கின்றன. அந்த மூன்றாம் தரப்பை நாவல் சாட்சிக்கு அழைக்கவில்லை.

1975இல் இலங்கை அரசு கிளார்க்குக்கு வதிவிட விருந்தினர் என்ற தகுதியைக் கொடுத்தது. அதே எழுபதுகளில்தான் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத்து மக்களை ஏற்றிக்கொண்டு ஒப்பாரிக் கோச்சி தலைமன்னாருக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியிருந்தது. இதில் கிளார்க்கின் மீது குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் எதிர்காலத்தை எழுத மின்தூக்கியைவிடப் பெரிய கரு அவருடைய வாசலிலேயே கிடந்தது.

தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில், பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் ஒரு சமூகத்தைக் காட்டினார். மலையக நாவல் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' எல்லாம் வாழ்ந்த வாழ்க்கையை எழுதின. எழுத வேண்டியது முதலில் அதுதான். என்றாலும் ஒரே காம்பராவுக்குள் ஒரு குடும்பமே படுத்தெழும் நெருக்கத்தை 'மீன்கள்' கதையில் எழுதிய ஜோசப்பின் கைக்கு, செவ்வாயின் உலோகக் கூண்டு எந்த மட்டும்? கருவுக்கும் பஞ்சமில்லை. பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய வீதியில் இறங்கினால் கொஸ்லந்தை வரும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்த லயங்களை மண் மூடியது அங்கேதான். அது அபாயமான சரிவு என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். குடியிருப்பை எங்கே வைப்பது என்பதைக் குடியிருப்பவர் தீர்மானிக்காத இடத்தில் என்ன நடக்கும் என்று கற்பனை செய்ய இந்த ஊருக்கு வெளியார் சொல்லித்தர வேண்டியதில்லை.

மஸ்கின் ஸ்டார்லிங்க் இணையச் சேவை 2020இல் வெளியிட்ட பாவனையாளர் நிபந்தனைகளில், செவ்வாய் சுதந்திரக் கிரகம், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்று ஒரு வாசகம் இருந்தது. 2024இல் இலங்கையும் அந்தச் சேவைக்கு உரிமம் கொடுத்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ, தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்று லயத்தில் இருந்தவரைக் கேட்டது. அந்தக் கடதாசி பலரிடம் இல்லை. எந்த அரசும் இல்லாத கிரகத்தில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழை எந்தக் கந்தோரில் எடுப்பது என்ற கேள்வியோடு தொடங்கும் நாவலை எழுத ஊவாவில் ஆள் இருக்கிறார்கள்.